ஒரு முழத் தொய்வு

கேபிள் கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. நகோயா நகரத்துக்கு இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் எந்த அலுவலகத்துச் சர்வர் அலமாரியைத் திறந்தாலும், இது மொரிவாகி கட்டியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். நீலம் நீலத்தோடு, மஞ்சள் மஞ்சளோடு, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி போல இறங்கும். எங்கள் கம்பெனி விளம்பரத் தாளில் இருக்கிற மூன்று படங்களும் என் கைவேலைதான். நாற்பத்தாறு வயதில், ஆம்பளைகள் நிறைந்த இந்தத் தொழிலில், ஒரு பொம்பளைக்கு இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் ஒரு நல்ல மனுஷனைப் பாழாக்கப் பார்த்தேன்.

தோபிதா சான் என் வேலை ஜோடி. சான் என்றால் எங்கள் ஊரில் ஐயா, அம்மா என்கிற மரியாதை. எங்கள் தொழிலில் யாரும் தனியாக அலமாரியில் கை வைக்கக் கூடாது. ஒருவர் கட்டினால் இன்னொருவர் கூட நின்று பார்க்க வேண்டும். ஏழு வருஷமாக ஒரே வேனில் போய்க்கொண்டிருக்கிறோம். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. தடித்த விரல், மெதுவான கை. அவர் கட்டும் கட்டு பத்திரமாக இருக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது. நான் வாயைத் திறந்தால் அவரைக் கிண்டல் செய்யத்தான் திறப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே ஏதாவது திருப்பிச் சொல்வார்.

அன்று செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. பள்ளிகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிற நிலையம் ஒன்றில் வேலை. நாலாயிரத்து இருநூறு பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. எந்தப் பள்ளிக்கு எத்தனை பேருக்கு, எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எதற்குப் பால் ஆகாது என்கிற பட்டியல் எல்லாம் அலுவலக மூலையில் இருக்கும் சர்வர் அலமாரிக்குள். பத்து வருஷமாக ஆள் ஆளுக்கு வயரைச் செருகிவிட்டுப் போய், அதன் முதுகுப் பக்கம் குப்பைமேடாகக் கிடந்தது. சனிக்கிழமை சமையல் இல்லை. காலையிலேயே எல்லாவற்றையும் அவிழ்த்து, இரண்டு முனையிலும் எண் ஒட்டி, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையால் திரும்பக் கட்ட ஆரம்பித்தோம்.

மதியத்துக்கு மேல் கீழ்த்தட்டு மெஷினுக்குப் பின்னால் தோபிதா சான் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். வயர்கள் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன தோபிதா சான், நூடுல்ஸ் கடை வெச்சிருக்கீங்களா?"

"இந்த மெஷினை டிராயர் மாதிரி முன்னால இழுப்பாங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே இழுத்து, உள்ள இருக்கிற காத்தாடியை மாத்துவாங்க. ஒரு முழம் தொய்வு விடலைன்னா பிடுங்கிக்கிட்டு வந்துரும்."

"ஒரு முழமா! அதுல துணி காயப் போடலாம்."

"போட்டுக்கோங்க. துணி விழுந்தாப் பரவாயில்ல, வயர் விழக் கூடாது."

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியாததா? தொய்வு விடத்தான் வேண்டும். ஆனால் அதைத் தொந்தி சரிந்த மாதிரி விட வேண்டுமா என்பதுதான் என் எரிச்சல்.

பிறகு சரிபார்ப்பு. எங்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. மனதுக்குள் பார்த்தால் போதாது. கையை முழுசாக நீட்டி, ஆள்காட்டி விரலால் அந்த இடத்தைக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட நிற்பவரும் விரலை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சரிபார்ப்புத் தாளில் அந்த எண்ணுக்கு எதிரே முத்திரை. தோபிதா சான் மெஷினை முழுசாக வெளியே இழுத்தார். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். விரலை நீட்டினார். "பதினேழு! மெஷின் முழுசா வெளியே! வயர் இழுபடலை! சரி!" அவர் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த காவல்காரர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன், "சரி!" என்றேன். அவர் தன் பெயர் முத்திரையை ஊதி, பதினேழாம் கட்டத்தில் நிதானமாகக் குத்தினார்.

அவர் வேனைக் கொண்டுவரப் போனார். கடைசிப் படம் எடுப்பது என் வேலை. செல்போனைத் தூக்கிப் பிடித்தால், மேலே இருந்து கீழே வரை எல்லாம் நேர்க்கோடு. கீழே மட்டும் அந்தத் தொந்தி. இந்தப் படம் விளம்பரத் தாளுக்குப் போகும், என் பெயரோடு போகும். ஐந்து நிமிஷம்தானே என்று மூன்று பட்டைகளை அவிழ்த்தேன். தொய்வை மேலே இழுத்து, பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் மடித்துச் செருகி, இறுக்கிக் கட்டினேன். முத்திரை குத்திய பிறகு ஒரு வயரைத் தொட்டாலும் அந்த எண்ணை இரண்டு பேரும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுப்பவளே நான்தான். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. படம் எடுத்தேன். அடடா, என்ன அழகு! கதவைச் சாத்திவிட்டுப் போய் வேனில் ஏறினேன். அவரிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் அவிழ்க்க வைத்திருப்பார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின்காரர் காற்றாடி மாற்ற வந்திருக்கிறார். கதவைத் திறந்து மெஷினை இழுத்திருக்கிறார். பின்னால் இரண்டு பவர் வயரும் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டன. மெஷின் செத்துப்போனது. திரும்ப உயிர் வர மூன்று மணி நேரம்.

அன்று பிள்ளைகளுக்குக் கறிக்குழம்பு. பெரிய பெரிய அண்டாக்களில் கொதித்துத் தயாராக இருந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்கிற பட்டியல் கையில் இல்லாமல் ஒரு கரண்டி கூட வெளியே அனுப்பக் கூடாது. சோறும் பாலும் வேறு கடைகளிலிருந்து நேராகப் பள்ளிகளுக்குப் போய்விடும். நாலாயிரத்து இருநூறு பிள்ளைகள் வெறும் சோற்றைத் தின்றார்கள், பால் ஆகிறவர்கள் பாலைக் குடித்தார்கள். குழம்பு அத்தனையும் கொட்டப்பட்டது.

வியாழக்கிழமை முதலாளி கனெமிட்சு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள். ஒன்று முத்திரைத் தாள், இன்னொன்று நான் எடுத்த படம்.

"பதினேழாவதுல உங்க முத்திரை இருக்கு, தோபிதா சான். படத்துல பாத்தா தொய்வே இல்ல. இது எப்படி?"

தோபிதா சான் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நான் விட்டேனே முதலாளி. ஒரு முழம் விட்டேன். இழுத்துக்கூடப் பாத்தேன்." என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, சும்மா கேட்டார். "நான் வேன் எடுக்கப் போனப்புறம் நீங்க ஏதாவது தொட்டீங்களா, மொரிவாகி சான்?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"இல்லையே. படம் மட்டும்தான் எடுத்தேன்."

"நீயும் கூட நின்னு சரின்னு சொல்லியிருக்கியே?" என்றார் முதலாளி.

"நான் முன்பக்கம் நின்னேன், முதலாளி. அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்."

"கண்ணால பாத்துச் சொல்லணும். வாயால சொல்றதுக்குக் கிளி போதும்" என்று எரிந்து விழுந்தார். அந்தத் திட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். சின்னத் தப்புக்குச் சின்னத் திட்டு, அத்தோடு தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

தோபிதா சான் விடவில்லை. "நீங்க கூட நூடுல்ஸ் கடைன்னு கிண்டல் பண்ணீங்களே? துணி காயப் போடலாம்னு?"

அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"அது வேற இடம், தோபிதா சான். போன மாசம் பஸ் டிப்போல."

 அவர் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்துபோனது. அவருடைய அப்பாவுக்கு அறுபது வயதில் மறதி நோய் வந்தது. கடைசியில் பெற்ற மகனைப் பார்த்தே நீ யார் என்று கேட்டாராம். தோபிதா சான் இதை என்னிடம் வேனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதை நினைத்து நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. தப்பிக்க வேண்டும் என்று வாய் முந்திக்கொண்டது. ஆனால் அவர் முகம் மாறியபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ நான்தான்" என்றார் மெதுவாக. "மொரிவாகி சான் இல்லைன்னா இல்லைதான்."

மன்னிப்புக் கடிதத்தை அவரே கைப்பட எழுதினார். மறுநாள் இனிப்புப் பெட்டியோடு மூன்று பேரும் சமையல் நிலையத்துக்குப் போனோம். நிலையத் தலைவி இகோமா சான், பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது என்று தீர்மானிக்கிறவர். தோபிதா சான் குனிந்தவர் நிமிரவே இல்லை. நரைத்த பின்கழுத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்க சுவத்துல ஒட்டின சாப்பாட்டுப் பட்டியலைப் பாத்துப் பாத்துக் கறிக்குழம்புக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்தாங்க" என்றார் இகோமா சான். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். மத்த கட்டெல்லாம் எவ்வளவு நேர்த்தி! அது நீங்கதானாமே?"

"ரொம்ப நன்றி" என்று குனிந்தேன். சீ! நன்றி என்றேன். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டால் தகும்.

அதற்கப்புறம் தோபிதா சான் வேறு ஆளாகிவிட்டார். ஒரு சின்ன நோட்டு வாங்கினார். வேன் சாவியை எங்கே வைத்தோம், எந்தக் கதவைப் பூட்டினோம், மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதெல்லாம் அதில் ஏறியது. ஒரு வயரைச் செருகினால் மூன்று தடவை விரல் நீட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், இப்போது நான் சொன்னேன்தானே என்பதுபோல. நான் தலையாட்டுவேன். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு நாக்கு எழவில்லை. "என்ன மொரிவாகி சான், என்னைத் திட்டவே மாட்டேங்கறீங்க? அவ்வளவு மோசமாயிட்டேனா?" என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். தினம் காலையில் இன்று சொல்லிவிடுவோம் என்றுதான் வேனில் ஏறினேன். வேலை போய்விடும் என்கிற பயமா? அதுகூட இல்லை. இது மொரிவாகி கட்டியது என்று சொல்கிற அந்த வாய்கள் இனி எப்படிச் சொல்லும் என்கிற பயம். இவ்வளவுதான் நான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வேனில் உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் மடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஞாபகசக்தி டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். கடிகாரம் வரையச் சொன்னார். செர்ரிப்பூ, பூனை, ரயில்னு மூணு வார்த்தை சொல்லிட்டு, வேற என்னென்னவோ பேசிட்டு, திரும்ப அந்த மூணையும் கேட்டார்."

"சொன்னீங்களா?"

"மூணையும் சொல்லிட்டேன். ஆனா ஆரம்பத்துல இப்படித்தான் நல்லாத் தெரியுமாம். எதுக்கும் ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னார். நான்தான் யோசிச்சேன். நடக்காத ஒண்ணு நடந்ததா மனசுல அவ்வளவு தெளிவா நிக்குதுன்னா, அது சின்ன விஷயமா? நீங்க கிண்டல் பண்ணினது, நான் பதில் சொன்னது, எல்லாம் கண்ணு முன்னால நிக்குது. நடக்கவே இல்லையாமே."

நான் சோற்றை மென்றுகொண்டே இருந்தேன். 

"திங்கக்கிழமை போலீஸ் ஸ்டேஷன்ல டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன். என் வீட்டுக்காரி சுமியேவும் சரின்னுட்டா. எங்கப்பா ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசைக்குள்ள காரை விட்டார். யாருக்கும் அடிபடலை. ஆனா அந்தக் கூச்சல் இன்னும் என் காதுல இருக்கு."

"அப்போ வேலை?"

"வேன் ஓட்டாதவனை முதலாளி எதுக்கு வெச்சுக்கப் போறார்? அதுவுமில்லாம என் முத்திரையை இனி யார் நம்புவாங்க? நானே நம்பலை." சிரித்தார். "உங்களுக்கு நல்ல ஜோடியாக் கிடைக்கும். கட்டு கொஞ்சம் அழகாக் கட்டற ஆளா."

அப்போதும் நான் சொல்லவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்போதும் சொல்லவில்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பாயை விரித்துக் கிடந்தேன்.

திங்கட்கிழமை காலை வேலை உடுப்போடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். லைசென்ஸ் சன்னலுக்கு முன்னால் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தோபிதா சான் கோட்டும் டையும் போட்டிருந்தார். நாற்பது வருஷம் ஓட்டிய லைசென்ஸைக் கொடுக்க மனுஷன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி சுமியே சான், மடியில் கைப்பை. எழுதி முடித்த தாள் தோபிதா சான் கையில் இருந்தது.

"அட, மொரிவாகி சான்! வேலைக்குப் போகலையா?"

"அந்தத் தாளைக் கொடுக்காதீங்க."

"ஏன்?"

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "நீங்க தொய்வு விட்டீங்க. ஒரு முழம் விட்டீங்க. இழுத்தும் பாத்தீங்க. நீங்க வேன் எடுக்கப் போனதும் நான்தான் அவுத்து இறுக்கிக் கட்டினேன், படம் நல்லா வரணும்னு. நூடுல்ஸ் கடைன்னு சொன்னதும் அங்கேதான். பஸ் டிப்போ எல்லாம் பொய். முழுப் பொய்."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைய வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் எழுந்து என் கிட்டே வந்தார்.

"அன்னிக்கேவா சொன்னீங்க, நூடுல்ஸ் கடைன்னு?"

"அன்னிக்கேதான்."

"துணி விழுந்தாப் பரவாயில்லன்னு நான் சொன்னேனா?"

"வயர் விழக் கூடாதுன்னும் சொன்னீங்க."

"வார்த்தைக்கு வார்த்தையா?"

"வார்த்தைக்கு வார்த்தை."

அவர் சிரித்த சிரிப்பில் சன்னலுக்குள் இருந்த போலீஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "சுமியே! கேட்டியா? என் மண்டை நல்லாத்தான் இருக்கு! நான் சொன்னேன்ல, கண்ணு முன்னால நிக்குதுன்னு!" அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி, மொரிவாகி சான். வந்து சொன்னீங்களே, ரொம்ப நன்றி" என்றார்.

நன்றி! எனக்கு! பூமி பிளந்து என்னை வாரிக்கொண்டு போகாதா என்று இருந்தது.

"என்னைத் திட்டுங்க, தோபிதா சான்."

"எதுக்குத் திட்டணும்? எனக்கு வியாதி இல்ல. அதுக்கு மேல என்ன வேணும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "முதலாளிகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். கடுதாசி எழுதிக் கொடுத்தாச்சு, குனிஞ்சும் ஆச்சு. திரும்ப எதுக்கு எல்லாரையும் இழுத்துக்கிட்டு? நமக்குள்ளயே இருக்கட்டும். நான் பழையபடி வேன் ஓட்டறேன், அவ்வளவுதான்."

அந்த நொடியில் எனக்குள் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. இவ்வளவு செய்துவிட்டு, அந்த மனுஷன் அழுது நின்ற இடத்திலேயே, அப்பாடா என்று என் தோள் தானாக இறங்கியது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு உண்டா? அதை அவர் பார்க்கவில்லை. சுமியே சான் பார்த்துவிட்டார்.

அதுவரை பெஞ்சை விட்டு எழுந்திருக்காத அந்த அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "எப்போலேருந்து உங்களுக்குத் தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

"பதினெட்டு நாள்" என்றார் சுமியே சான். சத்தம் போடவில்லை. "தினமும் குளிக்கும்போது பேரப்பிள்ளைங்க பேரைச் சத்தமாச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு. நான் கதவுக்கு வெளியே நின்னு எண்ணுவேன், அஞ்சும் வருதான்னு. நாலாவது பேருல ஒரு நாள் கொஞ்சம் நிறுத்தினார். அன்னிக்கு நான் அடுப்படியில போய் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அவர் மன்னிச்சுடுவார். அவர் அப்படித்தான். நான் அவர் இல்ல."

"விடு, சுமியே. அவங்கதான் சொல்லிட்டாங்கல்ல."

"நம்மகிட்ட சொல்லிட்டாங்க" என்றார் அந்த அம்மா, என் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் செல்போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினேன். தோபிதா சான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சுமியே சான் எழுந்து வந்து என் எதிரில் நின்றுகொண்டார். முதலாளி எடுத்தார், நான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.